ஐம்பது வருடத்துக்கு ஒரு பாய்ச்சல்! குட்டித்தீவின் சாதனைகள்… தெரியுமா?

இலங்கைக்கு ஒலிம்பிக் தங்கம் கைநழுவியது எவ்வளவு நேரத்தில் தெரியுமா? ஒரு செக்கனை நூறாகப் பிரித்தால் வருமே, அதில் ஒரே ஒரு துண்டு! கண்ணை ஒருதரம் இமைப்பதற்கே அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் நேரம் வேண்டும்.

2000 செப்டெம்பர் 28, சிட்னி. பெண்களுக்கான 200 மீற்றர் இறுதியோட்டம். அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் முதலாவதாக வந்தார். பின்னால் பஹாமாஸின் போலின் டேவிஸ் 22.27 செக்கன், நம் சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கன். சுசந்திகாவுக்கு வெண்கலம். கதை அதோடு முடியவில்லை. ஊக்கமருந்து பாவித்ததை 2007இல் ஜோன்ஸ் ஒப்புக்கொண்டார், பதக்கங்கள் பறிபோயின. 2009இல் பட்டியலைத் திருத்தி எழுதியபோது டேவிஸ் தங்கத்துக்கு ஏறினார், சுசந்திகா வெள்ளிக்கு ஏறினார். அதாவது, தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையில் மிஞ்சியது 0.01 செக்கன். அவர் ஓடிய வேகத்தில் கணக்குப் போட்டால் அது ஒன்பது சென்ரிமீற்றர். ஒரு சாண்கூட இல்லை!

அந்த ஒன்பது சென்ரிமீற்றரைத் தாண்ட இன்றுவரை இலங்கையில் யாரும் வரவில்லை. இரண்டே கோடிச் சொச்சம் சனம் உள்ள தீவு இது. பரந்தனில் ஏறி முல்லைத்தீவு வீதியில் போனால் முரசுமோட்டை தாண்டி வரும் தர்மபுரம் போன்ற ஊர்களில், வருடத் தொடக்கத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வந்துவிட்டால் சுண்ணாம்புக் கோடு போட்டு, கொடி கட்டி, ஒலிபெருக்கி பூட்டி ஊரே மைதானத்துக்கு வந்துவிடும். அப்படியொரு மைதானத்தில் நின்று பார்த்தால் ஒலிம்பிக் என்பது வேறு கிரகம் போலத் தெரியும். ஆனால் இந்தத் தீவின் சாதனைக்காரர் பலர் இப்படிப்பட்ட மைதானங்களிலும், சில பேர் மைதானமே இல்லாத கடலிலும் இருந்து வந்தவர்கள்தான். வாசித்துப் பாருங்கள், வாய் பிளப்பீர்கள்!

முதலாவது பதக்கத்துக்கும் இரண்டாவதுக்கும் எத்தனை வருட இடைவெளி, தெரியுமா?

ஐம்பத்திரண்டு வருடம்! சுதந்திரம் கிடைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக். 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் டங்கன் வைற் என்ற இளைஞர் 51.8 செக்கனில் ஓடி வெள்ளி வென்றார். தங்கம் வென்ற அமெரிக்கர் ரோய் கொக்ரன் எடுத்தது 51.1 செக்கன். இரண்டு வருடம் கழித்து ஓக்லாந்து பேரரசு விளையாட்டு விழாவில் வைற் தங்கமும் வாங்கினார்.

அவருக்குப் பின் அடுத்த ஒலிம்பிக் பதக்கம் 2000இல், சுசந்திகாவுக்கு. இலங்கையின் ஒலிம்பிக் பெட்டியில் இன்றுவரை உள்ளவை இந்த இரண்டும்தான். இரண்டும் வெள்ளி!

ஒலிம்பிக்கை விட்டுவிட்டால், அதற்கும் முன்னதாகவே ஒரு தங்கம் வந்திருக்கிறது. 1938 சிட்னி பேரரசு விளையாட்டு விழாவில் குத்துச்சண்டை வீரர் பார்னி ஹென்ரிகஸ் வென்றது அது. அப்போது நாட்டுக்குப் பெயரே 'சிலோன்'.

ஊர் எரிந்துகொண்டிருந்த வாரத்தில் ஒரு தமிழர் நாட்டுக்குத் தங்கம் வென்றார், தெரியுமா?

யாழ்ப்பாணம் பெரியவிளானைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ். மத்திய கல்லூரி மாணவர். உயரம் பாய்தல் வீரர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போகும்போது வயது பதினேழுதான். 1956இல் மெல்பேர்ணுக்கும் போனார்.

இவர் பாய்ந்த காலத்தில் இப்போதுள்ள பஞ்சு மெத்தை கிடையாது. கம்பத்தைத் தாண்டியதும் விழுவது மணற்கிடங்கில். முதுகால் விழுந்தால் முள்ளந்தண்டு முறியும். அதனால் வீரர்கள் கம்பத்துக்கு மேல் வயிற்றைக் காட்டியோ பக்கவாட்டில் உருண்டோ தாண்டி, கையும் காலும் முதலில் நிலத்தில் படும்படி இறங்க வேண்டும். இன்று எல்லோரும் செய்கிற முதுகுப் பாய்ச்சலை அமெரிக்காவின் டிக் பொஸ்பரி உலகுக்குக் காட்டியதே 1968இல்தான், அதுவும் மெத்தை வந்த பிறகுதான் அது சாத்தியமானது. மெத்தை இல்லாமல் மணலை நம்பிப் பாய்ந்த எதிர்வீரசிங்கம் தாண்டிய உயரம் என்ன தெரியுமா? 2.03 மீற்றர். ஆறடி எட்டங்குலம்! வீட்டுக் கதவு நிலையின் மேற்கட்டை கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கும். இன்று வீட்டுக்குள் போகும்போது ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

2.03 மீற்றரைத் தாண்டியது 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில். ஆசிய விளையாட்டு விழா வரலாற்றில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது.

திகதியைக் கவனித்தீர்களா? அந்த விழா நடந்தது 1958 மே 24 முதல் ஜூன் 1 வரை. இலங்கையில் தமிழருக்கு எதிரான வன்செயல் வெடித்தது மே 22இல். அவசரகாலச் சட்டம் வந்தது மே 27இல். இங்கே தமிழர்கள் அகதிகளாகிக்கொண்டிருந்த அதே நாட்களில், டோக்கியோவில் இலங்கைச் சட்டை போட்ட ஒரு தமிழ் இளைஞர் கம்பத்தைத் தாண்டி நாட்டுக்கு முதல் தங்கத்தைக் கொடுத்தார்! 1962 ஜகார்த்தாவில் மறுபடி வந்து வெள்ளியும் வென்றார். லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு கல்வித்துறையில் பல நாடுகளில் பணியாற்றி, 2024இல் காலமானார்.

பாக்கு நீரிணையை முதலில் நீந்திக் கடந்த இலங்கையர் எந்த ஊர், தெரியுமா?

தொண்டைமானாறு! பெயர் மு. நவரத்தினசாமி. வருடம் 1954. வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கியவர் கோடியக்கரையில் ஏறினார். ஏறத்தாழ 27 மணித்தியாலம்.

அது எவ்வளவு தூரம்? பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரைக்குமான ஏ-35 வீதி சுமார் 52 கிலோமீற்றர். நேர்கோட்டில் அளந்தாலே வல்வெட்டித்துறைக்கும் கோடியக்கரைக்கும் இடையில் அதைவிட அதிகம். பஸ்ஸில் இருந்து போகவே முதுகு வலிக்கிற தூரம், இவர் கையால் வலித்துக் கடந்திருக்கிறார், இரவும் பகலும், உப்புத்தண்ணியில், சொறிமுட்டைகளுக்கு நடுவில்!

பாக்கு நீரிணைச் சாதனைகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. நாட்காட்டியைப் பாருங்கள். நவரத்தினசாமி நீந்தியது மார்ச்சில். கல்கத்தாவின் மிகிர் சென் 1966இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியது ஏப்ரலில். மும்பையின் ஜியா ராய் 2022இல் நீந்தியது மார்ச்சில். 2024இல் திருகோணமலையிலிருந்து வந்த பதின்மூன்று வயதுப் பள்ளி மாணவன் நீந்தியது மார்ச் முதலாம் திகதி. ஏன் எல்லாரும் இதே மாதங்களில்? எங்கள் கடற்கரைக்காரரைக் கேட்டால் ஒரே வரியில் பதில் வரும்: வாடை ஓய்ந்து சோளகம் எழும்ப முதல் கடல் அடங்கிக் கிடக்கிற காலம் அதுதான்.

போய்த் திரும்பி வந்தவர் யார், தெரியுமா?

இங்கேதான் வருகிறார் வி. எஸ். குமார் ஆனந்தன். வல்வெட்டித்துறைக்காரர். சட்டத்தரணி. தமிழுலகம் அவருக்கு வைத்த பெயர் ஆழிக்குமரன். 1971இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் போய், கரையைத் தொட்டு, அப்படியே திரும்பியும் நீந்திவிட்டார். 51 மணித்தியாலம்! இரண்டு பகலும் இரண்டு இரவும் தாண்டி மூன்றாம் நாளும் கை போட்டுக்கொண்டிருந்தார்.

அதோடு அடங்கினாரா? இல்லை! கின்னஸ் புத்தகத்தில் தன் பெயரை மறுபடி மறுபடி எழுத வைத்தார். 1979இல் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் 187 மணித்தியாலம் 28 நிமிடம் ஓயாமல் சைக்கிள் ஓட்டினார். எட்டு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. ஓடிய தூரம் 1,487 மைல். கிலோமீற்றரில் சுமார் 2,390. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு இருபத்துமூன்று தடவை போய்வந்த கணக்கு! அடுத்த வருடம் ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். 1981இல் சென்னை மெரினாவிலுள்ள அண்ணா நீச்சல் குளத்தில், தரையையும் தொடாமல் சுவரையும் பிடிக்காமல் 80 மணித்தியாலம் தண்ணீரில் நிமிர்ந்தபடியே மிதந்தார்.

1984 ஆகஸ்ட் 6. ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் நடுக்கடலிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அவருடைய அந்தப் போய்வரும் சாதனையை முறியடிக்க இலங்கைக்கு எவ்வளவு காலம் பிடித்தது தெரியுமா? மறுபடியும் ஐம்பது வருடம்! 2021 ஏப்ரலில் ரொஷான் அபேசுந்தர அதே தலைமன்னார்–தனுஷ்கோடிப் பாதையை 28 மணித்தியாலம் 19 நிமிடத்தில் போய்வந்தார். வைற்றுக்கும் சுசந்திகாவுக்கும் இடையில் 52, ஆனந்தனுக்கும் அபேசுந்தரவுக்கும் இடையில் 50. கவனித்துக்கொள்ளுங்கள், இந்தக் கணக்குக்குத் திரும்பி வருவோம்.

உலகிலேயே உயரமான வலைப்பந்தாட்ட வீராங்கனை யாழ்ப்பாணத்தவர், தெரியுமா?

தர்ஜினி சிவலிங்கம். புன்னாலைக்கட்டுவன் பக்கத்துப் பிள்ளை. உயரம் 208 சென்ரிமீற்றர். எதிர்வீரசிங்கம் டோக்கியோவில் தாண்டினாரே, அந்தக் கம்பம் தர்ஜினியின் உச்சந்தலைக்கு ஐந்து சென்ரிமீற்றர் கீழே நிற்கும்!

வலைப்பந்தாட்டத்தில் உயரம் ஏன் இவ்வளவு பெரிய ஆயுதம்? விதியைப் பாருங்கள். வளையம் இருப்பது 3.05 மீற்றர் உயரத்தில். கூடைப்பந்தாட்டத்தைப் போலப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கையில் பந்து வந்தால் மூன்று செக்கனுக்குள் விட்டுவிட வேண்டும். முக்கியமானது இது: பந்து வைத்திருப்பவரை மறிப்பவர் 0.9 மீற்றர் தள்ளித்தான் நிற்கலாம். அப்படியானால் என்ன நடக்கும்? எதிரணித் தலைகளுக்கு மேலால் ஒரு பந்து மிதந்து வரும். தர்ஜினி இரண்டு கையையும் நீட்டி, மற்ற யாருக்கும் எட்டாத உயரத்தில் அதை வாங்கிக்கொள்வார். மறிப்பவர் மூன்று அடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருக்க, திரும்பி, குறிபார்த்து, வளையத்துக்குள் இறக்கிவிடுவார். எதிரணிக்கு இருக்கிற ஒரே வழி, அவருக்குப் பந்து போகாமல் முன்னாலேயே மறிப்பது.

2009இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அணியில் அவர் இருந்தார். ஒன்பது வருடம் கழித்து 2018இல் மறுபடி வென்றபோதும் இருந்தார். 2022இல் ஆறாவது தடவையாக வென்றபோதும் இருந்தார், அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது! இடையில் அவுஸ்திரேலியாவிலும் ஆடினார். பள்ளிக் காலத்தில் உயரத்துக்காகக் கேலி கேட்ட பிள்ளை அவர். நெட்டை என்று யாரையாவது பரிகசிக்க முதல் இதை ஞாபகம் வையுங்கள்.

இரண்டு நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழாத டெஸ்ட் எது, தெரியுமா?

துடுப்பாட்டத்துக்கு வந்தால் சாதனைகளை மூச்சுவிடாமல் சொல்லலாம். 1997 ஆகஸ்ட், கொழும்பு. இந்தியா 537 ஓட்டம் எடுத்து ஆட்டத்தை நிறுத்தியது. இலங்கை ஆடத் தொடங்கியது. புதிதாக அணிக்கு வந்த நிலேஷ் குல்கர்ணி டெஸ்டில் தன் முதலாவது பந்தைப் போட்டார், விக்கெட்! இந்தியாவுக்கு ஒரே கொண்டாட்டம். அதற்குப் பிறகு? சனத் ஜயசூரியவும் ரொஷான் மகாநாமவும் மூன்றாம் நாள் முழுக்க ஆடினார்கள், நான்காம் நாளும் முழுக்க ஆடினார்கள். இருவரும் சேர்ந்து 576. ஜயசூரிய 340. இலங்கை ஆறு விக்கெட்டுக்கு 952. டெஸ்ட் வரலாற்றில் அதைவிடப் பெரிய மொத்தம் இன்றுவரை இல்லை. முதல் பந்திலேயே விக்கெட் எடுத்த குல்கர்ணி எழுபது ஓவர் போட்டு 195 ஓட்டம் கொடுத்தார், அந்த ஒரு விக்கெட்டோடு!

இதுவும் தெரியுமா? 1948இல் டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆடியது. இலங்கை அணித் தலைவர் மகாதேவன் சதாசிவம், முந்தைய வருடம் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்தியாவுக்கு எதிராக 215 அடித்த அதே சதாசிவம். ஆட்டத்தின்போது ஆடுகளத்தில் ஏதோ பிசகாக இருக்கிறதே என்று அளந்து பார்த்தால், 22 யார் இருக்க வேண்டியது 20 யார்தான் இருந்தது! அந்த மைதானம்தான் இன்றைய பி. சரவணமுத்து மைதானம். தமிழரான சரவணமுத்துவின் பெயரைத் தாங்கிய அந்த மைதானத்திலேயே 1982 பெப்ரவரி 17இல் இலங்கையின் முதலாவது டெஸ்டும் தொடங்கியது. நல்லவேளை, அப்போது களத்தின் நீளம் சரி!

முத்தையா முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட் எல்லாருக்கும் தெரியும். அது எப்படி வந்தது தெரியுமா? இதுதான் கடைசி டெஸ்ட் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். அப்போது கையில் இருந்தவை 792. மிச்சம் எட்டு, அதுவும் ஒரே ஆட்டத்தில்! 2010 ஜூலை, காலி. முதல் இன்னிங்ஸில் ஐந்து. இரண்டாவதில் இரண்டு. 799இல் நிற்கிறார். இந்தியாவுக்குக் கடைசி விக்கெட் மட்டும்தான் மிச்சம். அதை வேறு யாராவது எடுத்தால் கதை முடிந்தது. ரன் அவுட் ஆனாலும் முடிந்தது. கடைசிச் சோடியோ விழுவதாக இல்லை. ஜூலை 22, பிரக்யான் ஓஜாவின் மட்டையில் பட்டுப் பந்து ஸ்லிப்புக்குப் போகிறது. மஹேல ஜயவர்தன பிடிக்கிறார். 800! டெஸ்ட் வாழ்க்கையில் போட்ட 44,039ஆவது பந்து, கடைசிப் பந்தும் அதுதான். முரளி பந்தில் மஹேல பிடி என்று பதிவான 77ஆவது விக்கெட்டும் அதுவே.

கண்டி மலையகத்துத் தமிழர் அப்படி என்றால், வடக்கிலிருந்து? யாழ். மத்திய கல்லூரியில் படித்த சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024 மே 8இல் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல். களத்தில் இறங்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் களத்துக்குப் போன முதலாவது ஆள். எதிர்வீரசிங்கம் படித்த அதே கல்லூரி!

கடைசியாக வந்து உலகப் புகழ் பெற்றவர் யார், தெரியுமா?

1964 டோக்கியோ ஒலிம்பிக், 10,000 மீற்றர் ஓட்டம். 67ஆம் இலக்கச் சட்டையில் இலங்கையின் ஆர். ஜே. கே. கருணானந்த. முதலாவதாக அமெரிக்காவின் பில்லி மில்ஸ் ஓடி முடித்தார். ஒவ்வொருவராக மற்றவர்களும் முடித்தார்கள். ஓட்டம் முடிந்தது என்று கூட்டம் நினைத்தபோது, ஒரே ஒருவர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்! ஒரு சுற்று வந்தார், சனம் சிரித்தது. இன்னொரு சுற்று, சிரிப்பு அடங்கியது. அவர் விடுவதாக இல்லை. இறுதிக் கோட்டை அவர் தொட்டபோது முழு அரங்கும் எழுந்து கைதட்டியது, தங்கம் வென்றவருக்குக் கிடைத்த வரவேற்புக்குக் குறையாமல். ஜப்பானியப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் அவர் கதை பாடமாகவே வந்தது.

எழுபத்திரண்டு வயதில் தங்கம் வென்ற வன்னிப் பெண்ணைத் தெரியுமா?

இப்போது ஏ-35 வீதியில் திரும்பவும் ஏறுவோம். தர்மபுரம் தாண்டினால் விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. 2009 தொடக்கத்தில், இறுதிப் போரின்போது, இதே வீதியால்தான் சனம் மூட்டை முடிச்சோடு கிழக்கே நகர்ந்தது. ஓட்டப்பாதை, மெத்தை, பயிற்சியாளர் என்று யோசிக்கிற காலமா அது? மற்ற மாவட்டப் பிள்ளைகள் பயிற்சி எடுத்த வருடங்களில் இங்குள்ள பிள்ளைகள் பதுங்குகுழிக்குள் இருந்தார்கள். அந்த மண்ணிலிருந்து வந்த பெயர்களைக் கேளுங்கள்.

முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா. 2023 நவம்பரில் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிக்குப் போனார். வயது 72. 1,500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம். 5,000 மீற்றர் வேகநடையில் இன்னொரு தங்கம். போதாதென்று 800 மீற்றரில் வெண்கலம்! வேகநடை லேசான விஷயமா? எந்த நேரமும் ஒரு பாதம் நிலத்தில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், முன்னால் வைக்கிற காலின் முழங்கால் மடியக் கூடாது. கொஞ்சம் ஓடுவதுபோல் தெரிந்தாலே நடுவர் எச்சரிப்பார். 400 மீற்றர் பாதையில் அப்படிப் பன்னிரண்டரைச் சுற்று!

ஒட்டுசுட்டான் பக்கம் கரிப்பட்டமுறிப்பைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் லாகூருக்குப் போய், கையாலும் காலாலும் அடித்து ஆடும் சவாட் குத்துச்சண்டையில் தங்கத்தோடு திரும்பினார். காட்டோரக் கிராமத்திலிருந்து லாகூர் மேடைக்கு!

வன்னிக்கு வெளியே யாழ்ப்பாணத்தில், தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனையை வைத்தார். பிறகு தன் சாதனையைத் தானே உடைத்தார். மறுபடியும் உடைத்தார். வடக்கில் கோலூன்றிப் பாயும் பிள்ளைகள் அடுத்தடுத்து வருவதற்கு அவர் திறந்த கதவும் ஒரு காரணம்.

மூச்சு வாங்க முதல் இன்னும் நாலு!

தெற்காசியாவில் கிட்டத்தட்ட இருநூறு கோடி சனம். அவ்வளவு பேரிலும் 100 மீற்றரைப் பத்து செக்கனுக்குள் ஓடிய முதல் மனிதர் இலங்கையர், தெரியுமா? யுபுன் அபேகோன், 2022 ஜூலை 3, சுவிற்சர்லாந்து. 9.96 செக்கன்!

நாட்டின் முதலாவது உலகச் சம்பியன் கிரிக்கெட்காரர் இல்லை, தெரியுமா? பில்லியர்ட்ஸ் மேசையில் வென்றவர். எம். ஜே. எம். லாபிர், 1973, பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் போட்டி.

பராலிம்பிக்கில் இலங்கைக்கு முதல் தங்கம் எறிந்து வந்தது, தெரியுமா? 2021இல் டோக்கியோவில் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையும் சேர்த்தே படைத்தார். போரில் கையில் காயப்பட்ட படைவீரர் அவர். போரில் அங்கம் இழந்தவர்கள் வன்னியில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஓர் ஈட்டி, ஒரு பயிற்சியாளர், கொழும்புக்குப் போய்வர ஒரு பஸ் காசு கிடைத்தால் என்ன ஆகும் என்று யாராவது அளந்து பார்த்ததுண்டா?

இலங்கையின் தேசிய விளையாட்டு கிரிக்கெட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? இல்லை! கரப்பந்தாட்டம், 1991 முதல். இரண்டு கம்பமும் ஒரு வலையும் கிடைத்தால் பின்னேரத்தில் தொடங்கிவிடும் ஆட்டம், அதுவும் வன்னியில் கேட்கவே வேண்டாம்.

சரி, அந்த ஐம்பது வருடக் கணக்கு என்ன?

சின்ன நாட்டில் சாதனை வருவது ஆச்சரியம்தான். அதைவிட ஆச்சரியம், ஒருவர் கதவைத் திறந்த பிறகு அடுத்தவர் அதற்குள் நுழைய அரை நூற்றாண்டு எடுப்பது. வைற்றுக்குப் பிறகு 52. ஆனந்தனுக்குப் பிறகு 50. இந்த இடைவெளிக்குக் காரணம் பிள்ளைகளின் காலில் பலமில்லாதது இல்லை. நவரத்தினசாமிக்குக் கடல் இலவசமாகக் கிடைத்தது, எதிர்வீரசிங்கத்துக்கு ஒரு பாடசாலை மைதானமும் அதன்பிறகு ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகமும் கிடைத்தன, யுபுன் இத்தாலியில் பயிற்சி எடுத்தார். திறமை இங்கே விளைந்தது, ஓடுபாதை பெரும்பாலும் வேறெங்கோ இருந்தது. வடக்கில் ஒருவர் வென்று வந்தால் மாலை போட்டு ஊர்வலம் வைக்கிறோம், பத்திரிகையில் படம் போடுகிறோம். அடுத்த வருடம் அதே மைதானத்தில் அதே மணற்கிடங்கு.

இடைவெளி குறையும் இடமும் தெரிகிறது. அனித்தாவுக்குப் பின்னால் கோலூன்ற இன்னொரு பிள்ளை வர ஐம்பது வருடம் எடுக்கவில்லை. கோலும் மெத்தையும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரும் ஒரே ஊரில் ஒன்றாகச் சேர்ந்தார்கள், அவ்வளவுதான் இரகசியம்.

ஏணி எல்லாருக்கும் தெரிந்ததுதான். இல்லம், கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை. தர்மபுரத்துப் பிள்ளை ஒன்று மாகாண மட்டம் வரை போக வேண்டுமானால் சப்பாத்து வேண்டும், சாப்பாடு வேண்டும், விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும். பழைய மாணவர் சங்கமும், வெளிநாட்டில் இருக்கிற ஊரவர்களும் பரிசளிப்பு மேடைக்குக் கொடுக்கிற காசில் பாதியை ஒரு மெத்தைக்குக் கொடுத்தால் போதும், ஏணியின் முதல் இரண்டு படி உறுதியாகிவிடும்.

கடைசியாக ஒன்று, இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். டெஸ்டின் மிகப்பெரிய மொத்தம் இலங்கையிடம். அதிக விக்கெட் இலங்கையிடம். உயரமான வலைப்பந்தாட்டக்காரி இலங்கையிடம். தெற்காசியாவின் முதல் பத்துச் செக்கன் உடைப்பும் இலங்கையிடம். ஆனால் ஒலிம்பிக் தங்கம் வென்ற இலங்கையர் என்ற வரியில் பெயர் எழுதப்படவில்லை. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, சிங்களவரும் இல்லை, தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. 1948 முதல் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. ஒன்பது சென்ரிமீற்றர்தான் குறைகிறது. வருகிற இல்லப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்களா?